நில வழக்கு அப்பீல்ல செலவுக்கு செக்யூரிட்டி: கேட்கிறவங்களுக்கும் கட்டுறவங்களுக்கும் முழுமையான வழிகாட்டி

நிலத் தகராறுல கீழ்க்கோர்ட்ல தோத்தவர் அப்பீல் போட்டுட்டாரு, ஆனா ஆள் இருக்கிறது சிங்கப்பூர்லயோ துபாய்லயோ. அப்பீல்லயும் தோத்தார்னா நம்ம செலவை எங்க போய் வசூல் பண்றதுன்னு ஜெயிச்ச பக்கம் கேட்கும், நியாயமான கேள்விதான். அந்த செலவுக்கு முன்கூட்டியே உத்தரவாதம் (செக்யூரிட்டி) கட்ட வைக்கிறதுக்குத்தான் சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 41 ரூல் 10 (அந்தச் சட்டத்தோட 41வது பகுதியில 10வது விதி) இருக்கு. ரெஸ்பாண்டன்ட் (அப்பீலை எதிர்க்கிறவர்) பக்கமும் அப்பீலன்ட் (அப்பீல் போட்டவர்) பக்கமும் இந்த பெட்டிஷனுக்கு பேப்பர் தயார் பண்ற வேலையில இருக்கேன், புதுசா வர்றவங்க தடுக்கி விழுற இடங்கள் பெரும்பாலும் ஒண்ணேதான். அதனால வேலை நடக்கிற வரிசையிலயே எழுதுறேன். இது தமிழ்நாட்டு கோர்ட்டுகளை மனசுல வச்சு எழுதினது. இலங்கையில முறையே வேற, அங்க 14 நாளுக்குள்ள கொடுக்கிற அப்பீல் நோட்டீஸோட சேர்த்தே செலவுக்கான செக்யூரிட்டியும் போகணும், அதை இதோட கலக்காதீங்க.

1. முதல்ல எந்த செக்யூரிட்டின்னு பிரிச்சுக்கோங்க

பாதிப் பேர் இங்கயே வழி தவறிடுறாங்க. அப்பீல்ல "செக்யூரிட்டி"ன்னு கோர்ட் சொன்னா அது நாலுல ஏதோ ஒண்ணா இருக்கலாம்.

ரூல் 10ல வர்றது செலவுக்கு. அப்பீல் தோத்தா எதிர்ப்பக்கத்துக்கு கொடுக்க வேண்டிய கோர்ட் செலவுக்கான உத்தரவாதம், அவ்வளவுதான்.

ரூல் 5ல வர்றது ஸ்டேக்கு. அப்பீல் ஃபைல் பண்ணிட்டா மட்டும் டிகிரி (தீர்ப்பை ஒட்டி கோர்ட் எழுதித் தர்ற முடிவு) நிறைவேற்றம் நிக்காது, தனியா ஸ்டே கேட்கணும், அதுக்கு கோர்ட் டிகிரியை ஒழுங்கா நிறைவேத்துவேன்னு செக்யூரிட்டி வாங்கும். நிலத்தை காலி பண்ணி ஒப்படைக்கச் சொன்ன டிகிரின்னா பெரும்பாலும் நீங்க பார்க்கப்போறது இதுதான்.

ரூல் 6 தலைகீழ். டிகிரி வாங்கினவர் அப்பீல் நிலுவையில இருக்கும்போதே நிலத்தை கையில எடுக்கப்போறார்னா, நாளைக்கு தீர்ப்பு மாறினா திருப்பிக் கொடுக்கணும்னு அவர்கிட்ட வாங்குறது. நாலாவது ரூல் 1(3), பண டிகிரிக்கானது. நில வழக்குல இடைக்கால வருமானம்னு (உரிமை இல்லாம நிலத்தை வச்சிருந்த காலத்து வருமானத்துக்கு) ஒரு தொகை டிகிரி ஆகியிருந்தா மட்டும் இது உங்களைத் தொடும்.

ஏன் இதை முதல் வேலையா சொல்றேன்னா, ஸ்டேக்காக கட்டின பணத்தைக் காட்டி "நாங்கதான் ஏற்கனவே செக்யூரிட்டி கட்டிட்டோமே"ன்னு ரூல் 10 பெட்டிஷனுக்கு கவுண்டர் (பதில் மனு) போடுவாங்க, ரெண்டும் ரெண்டு கடமைக்கானது, ஒண்ணு இன்னொண்ணை அடைக்காது. கோர்ட் உத்தரவு காப்பில எந்த ரூல்னு பார்த்துட்டு அப்புறம் பேசுங்க.

2. கோர்ட் கட்டாயம் கேட்கணுமா, விருப்பமா?

ரூல் 10ல ரெண்டு அடுக்கு இருக்கு. பொதுவா செக்யூரிட்டி கேட்கிறதும் கேட்காம விடுறதும் கோர்ட்டோட விருப்பம். ஆனா ரெண்டு விஷயம் சேர்ந்து இருந்தா கோர்ட் கேட்டே ஆகணும்: அப்பீலன்ட் இந்தியாவுக்கு வெளிய குடியிருக்கணும், இந்தியாவுல அவருக்கு போதுமான அசையா சொத்து இல்லாம இருக்கணும். ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்தா கட்டாயம் கிடையாது, திரும்ப விருப்பத்துக்கு போயிடும்.

இதுல அசையா சொத்துன்னு கணக்கு பண்றப்போ அப்பீல்ல இருக்கிற நிலத்தை சேர்க்கக்கூடாதுன்னு ரூல்லயே இருக்கு. இதைத்தான் ஜனங்க நம்ப மாட்டேங்கிறாங்க. "ஊர்ல எனக்கு 4 ஏக்கர் இருக்குங்க"ம்பாங்க, சர்வே நம்பரைப் பார்த்தா அதுவேதான் கேஸ்ல இருக்கிற நிலம். பாகப்பிரிவினை வழக்குன்னா இன்னும் சிக்கல், குடும்பச் சொத்து மொத்தமும் ஷெட்யூல்ல (வழக்குச் சொத்துப் பட்டியல்ல) ஏறியிருக்கும், வெளிய காட்ட ஒரு சென்ட் கூட மிஞ்சாது.

விருப்பத்துல வர்ற கேஸ்ல ஒண்ணு நல்லா தெரிஞ்சுக்கோங்க. அப்பீலன்ட் ஏழைங்கிறது மட்டும் செக்யூரிட்டி கேட்க காரணம் ஆகாது, காசில்லாதவனுக்கு அப்பீல் கதவை அடைக்கிறது இந்த ரூலோட வேலை இல்லன்னு கோர்ட்டுகள் தொடர்ந்து சொல்லிட்டு வருது. கூட வேற ஏதாவது வேணும். கீழ்க்கோர்ட் செலவையே இன்னும் கட்டல, ஒரே விவகாரத்தை திரும்பத் திரும்ப இழுக்கிறார், பின்னாடி வேற ஒருத்தர் பணம் போட்டு இவரை முன்னாடி நிறுத்தியிருக்கார், இந்த மாதிரி.

3. பெட்டிஷன் டைப் பண்றதுக்கு முன்னாடி

நீங்க ரெஸ்பாண்டன்ட்னா இதெல்லாம் கைக்கு வந்த பிறகு வக்கீல் ஆபீஸுக்கு போங்க:

கீழ்க்கோர்ட் தீர்ப்பும் டிகிரியும் சர்டிஃபைட் காப்பி. டிகிரியோட கடைசிப் பக்கத்துல செலவுப் பட்டியல் இருக்கும், அதுதான் முக்கியம்.

அப்பீல் மெமோ (அப்பீல் மனு) காப்பி. முதல் பக்கத்துல அப்பீலன்ட் விலாசம் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. வெளிநாட்டு விலாசத்தை அவங்களே போட்டிருந்தா வெளிய குடியிருக்கார்ங்கிறதை நீங்க தனியா நிரூபிக்க வேண்டிய வேலை பாதி குறைஞ்சுது. பவர் ஏஜென்ட் மூலமா போட்டிருந்தா பவர் பத்திரத்துல விலாசம் இருக்கும்.

அவர் பேர்ல வேற சொத்து இருக்கா இல்லையான்னு தெரிஞ்ச வரைக்கும் வில்லங்கம். பதிவுத்துறையோட வெப்சைட்டான டிஎன்ரெஜிநெட்ல ஆன்லைன்லயே பார்க்கலாம், ஆனா அது சர்வே நம்பரை வச்சு தேடுறது, ஆள் பேரைப் போட்டு தமிழ்நாடு முழுக்க சலிச்சு எடுக்கிற கதை கிடையாது. அதனால "இல்லை"ங்கிறதை நீங்க முழுசா நிரூபிக்க முடியாது, முடியணும்னு யாரும் எதிர்பார்க்கவும் மாட்டாங்க. ஊர்ல விசாரிச்சது, வில்லங்கத்துல பார்த்தது, இதை அஃபிடவிட்ல தெளிவா சொல்லிட்டா, இருக்குன்னா காட்டுங்கிற பொறுப்பு அவர் பக்கம் சாயும். அவர் சொத்து அவருக்குத்தானே தெரியும்.

நீங்க கேஸ்ல ஜெயிச்ச உடனே, அப்பீல் வரும்னு தெரிஞ்சா, கேவியட் (என்னைக் கேட்காம உத்தரவு போடாதீங்கன்னு கொடுக்கிற முன்மனு) போட்டு வைக்கிறதும் நல்லது. 90 நாள் வரைக்கும் நிக்கும். ஸ்டே பெட்டிஷன் வந்தா உங்களுக்குத் தெரியாம ஆர்டர் ஆகாது, அப்பீல் வந்த சேதியும் அன்னிக்கே தெரிஞ்சுடும்.

4. தொகை: நிலத்தோட மதிப்பைப் போட்டு குழப்பாதீங்க

"நிலம் 2 கோடி போகும், அதனால 20 லட்சம் செக்யூரிட்டி வேணும்"னு எழுதுற பெட்டிஷன் நிறைய வருது. செக்யூரிட்டி செலவுக்குத்தான், நிலத்தோட மார்க்கெட் விலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இப்படி எழுதினா நல்ல பெட்டிஷன் கூட மிரட்டல் மாதிரி தெரியும்.

ரூல் 10 படி அப்பீல் செலவுக்கு கேட்கலாம், கீழ்க்கோர்ட் வழக்குச் செலவுக்கும் கேட்கலாம், ரெண்டுக்கும் சேர்த்தும் கேட்கலாம். வெறும் அப்பீல் செலவை மட்டும் கேட்டுட்டு இன்னொண்ணை விட்டுடுறாங்க, ஆனா நிஜமா பெரிய தொகை இருக்கிறது அங்கதான். ஏன்னா வாதியா இருந்து ஜெயிச்சவர் கட்டின கோர்ட் ஃபீஸும் வழக்குச் செலவுல வரும். தமிழ்நாட்டுல 2017ல கோர்ட் ஃபீஸ் 7.5 சதவீதத்துல இருந்து 3 சதவீதமா குறைஞ்சுது. 10 லட்சம் மதிப்பு போட்டு பழைய ரேட்ல கட்டின வழக்குன்னா கோர்ட் ஃபீஸே 75,000, புது ரேட்ல 30,000. அதனால வழக்கு எந்த வருஷம் போட்டதுன்னு பார்த்து, ஊகமா எழுதாம டிகிரில ஏறின தொகையை அப்படியே எடுங்க.

டிகிரில செலவு யாருக்கும் இல்லன்னு, அதாவது அவங்கவங்க செலவு அவங்கவங்களோடதுன்னு தீர்ப்பு இருந்தா, கீழ்க்கோர்ட் செலவுன்னு கேட்க உங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அதைப் படிக்காம பெட்டிஷன் போட்டா முதல் வாய்தாவிலயே எதிர்வக்கீல் எழுந்து அந்த ஒரு வரியை வாசிச்சுட்டு உட்கார்ந்துடுவார்.

அப்பீல் செலவுக்கு: விதிப்படி டிகிரில ஏத்தக்கூடிய வக்கீல் ஃபீஸ், பேட்டா (கோர்ட் ஆள் மூலமா சம்மன் அனுப்ப கட்டுறது), டைப்பிங், நோட்டீஸ் செலவு. வக்கீலுக்கு நீங்க நிஜமா கொடுத்த ஃபீஸ் வேற, டிகிரில ஏறுற ஃபீஸ் வேற, ரெண்டாவதைத்தான் எழுதணும். ஒரு சின்ன கணக்குத்தாள் போட்டு அஃபிடவிட்டோட வச்சுடுங்க, ஜட்ஜுக்கு நம்பர் ரெடியா கிடைச்சா ஆர்டர்ல அதை ஒட்டியே தொகை வர வாய்ப்பு அதிகம்.

5. எப்ப போடறது, எப்படி போடறது

நோட்டீஸ் வந்து வக்காலத்து போட்ட கையோட போடுங்க. அப்பீலை விசாரணைக்கு எடுக்கும்போதே கோர்ட் தானா கேட்கலாம், ரெஸ்பாண்டன்ட் வந்த பிறகு அவர் கேட்டும் உத்தரவு போடலாம், ரூல் ரெண்டையும் சொல்லுது. கடைசி நாள் எதுன்னு ரூல்ல இல்ல, ஆனா 3 வருஷம் கழிச்சு ஃபைனல் ஆர்கியூமென்ட்டுக்கு வந்து நிக்கிற அப்பீல்ல இதைத் தூக்கிட்டு வந்தா, இத்தனை நாள் எங்க இருந்தீங்கன்னு கேட்பாங்க. அதுக்குள்ள செலவும் ஆகிமுடிஞ்சுடும்.

பெட்டிஷன்ல ஆர்டர் 41 ரூல் 10னு தெளிவா போடுங்க. ஆர்டர் 25 போட்டு வர்றவங்க உண்டு, அது கீழ்க்கோர்ட்ல வழக்கு நடக்கும்போது வாதிகிட்ட கேட்கிறதுக்கு. தப்பான ரூல் போட்டதுக்காகவே பெட்டிஷன் தள்ளுபடி ஆகணும்னு இல்ல, ஆனா எதிர்ப்பக்கத்துக்கு எதுக்கு சும்மா ஒரு பாயின்ட் கொடுக்கணும். செகண்ட் அப்பீல்லயும் ஆர்டர் 42 வழியா இதே ரூல்தான்.

அஃபிடவிட்ல நாலு விஷயம் தனித்தனி பாராவா இருக்கட்டும்: எங்க குடியிருக்கார், வேற அசையா சொத்து இல்ல, செலவு இவ்வளவு, கீழ்க்கோர்ட் செலவு கட்டினாரா இல்லையா. குடும்பச் சண்டையை திரும்ப முதல்ல இருந்து எழுதாதீங்க. தாத்தா எழுதி வச்ச உயிலும் 1987ல நடந்த பஞ்சாயத்தும் இந்த பெட்டிஷனுக்கு வேண்டாத விஷயம்.

6. நீங்க அப்பீலன்ட்னா: கவுண்டர்ல என்ன இருக்கணும்

முதல்ல குடியிருப்பு. வேலைக்காக கொஞ்ச நாள் வெளிய போயிருக்கீங்க, குடும்பமும் வீடும் இங்கதான்னா அதைச் சொல்லி ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல் மாதிரி ஆதாரம் வையுங்க. சும்மா "நான் இந்தியன்"னு எழுதினா பத்தாது, ரூல் கேட்கிறது எங்க குடியிருக்கீங்கன்னு, எந்த நாட்டு பாஸ்போர்ட்னு இல்ல.

அடுத்தது சொத்து. இங்க நான் பார்க்கிற தப்புகளை வரிசையா சொல்லிடுறேன்.

பேங்க் எஃப்டி, ஷேர், நகை இதெல்லாம் காட்டி "எனக்கு வசதி இருக்கு"ம்பாங்க. கட்டாயத்துல இருந்து தப்பிக்க ரூல் கேட்கிறது அசையா சொத்து, அதனால எஃப்டி அந்த இடத்துல உதவாது. பின்னாடி செக்யூரிட்டியா கொடுக்க மட்டும் உதவும், அது வேற கட்டம்.

மனைவி பேர்ல இருக்கிற ஃப்ளாட்டைக் காட்டுறது. அது அவங்க சொத்து, அப்பீலன்ட் சொத்து இல்ல.

பிரிக்காத கூட்டுச் சொத்தை முழுசா தன்னோடதுன்னு போடறது. அஞ்சு பங்காளின்னா உங்க பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் கணக்கு.

பட்டா காப்பியை மட்டும் வச்சுட்டு நிறுத்திடுறது. பட்டா கூட பத்திரமும், சமீபத்திய வில்லங்கமும், வழிகாட்டி மதிப்பும் சேர்ந்து போனாத்தான் "போதுமான" சொத்துன்னு சொல்ல முடியும். வில்லங்கத்துல பேங்க் அடமானம் ஒண்ணு நிக்குதுன்னா அதை மறைக்காம, கடன் பாக்கி போக மதிப்பு இவ்வளவுன்னு நீங்களே சொல்லிடுங்க, எதிர்ப்பக்கம் அதை எடுத்து நீட்டினா மிச்சம் சொன்னதையும் கோர்ட் நம்பாது.

அண்ணன் தம்பி சேர்ந்து போட்ட அப்பீல்ல தம்பி மட்டும் வெளிநாட்டுல, அண்ணன் ஊர்லயே தனி நிலத்தோட இருக்கார்னா, அதை முதல் பாயின்ட்டா வையுங்க. செலவு வசூலிக்க இங்கயே ஒரு ஆள், ஒரு சொத்து இருக்கும்போது செக்யூரிட்டிக்கு அவசியம் என்னன்னு கேட்கலாம்.

வெளிநாட்டுல இருந்து அஃபிடவிட் அனுப்பணும்னா அங்க இருக்கிற இந்திய தூதரகத்துல கையெழுத்து போட்டு அட்டெஸ்ட் பண்ணி அனுப்புங்க. பவர் பத்திரம்னா இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டியாகணும், கவரைக் கூட பிரிக்காம பீரோவுல வச்சிருந்துட்டு வாய்தா அன்னிக்கு எடுத்துட்டு வர்றவங்களால வக்கீலுக்கு தலைவலி.

7. ஆர்டர் ஆன அன்னிக்கே செய்ய வேண்டியது

கோர்ட் செக்யூரிட்டி கட்டச் சொல்லிடுச்சு. உடனே மூணு விஷயத்தை ஆர்டர்ல இருந்து எழுதி எடுங்க: எவ்வளவு, எந்த தேதிக்குள்ள, எந்த வடிவத்துல. வாயால கேட்டதை நம்பாதீங்க, காப்பி அப்ளிகேஷன் போட்டுடுங்க, ஆனா காப்பி வரட்டும்னு உட்கார்ந்திருக்கவும் கூடாது, நாள் ஆர்டர் தேதியில இருந்தே ஓட ஆரம்பிச்சிருக்கும்.

இவ்வளவு அவசரப்படுத்துறதுக்கு காரணம் ரூல் 10(2). சொன்ன தேதிக்குள்ள செக்யூரிட்டி வரலன்னா கோர்ட் அப்பீலை நிராகரிச்சே ஆகணும். நிலத்துல உங்க பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அந்தக் கேள்விக்கே போகாது.

8. எந்த வடிவத்துல கொடுக்கலாம்

பணமா கட்டுறது எனக்குப் பிடிச்ச வழி, ஏன்னா யாரும் குறை சொல்ல முடியாது. லாட்ஜ்மென்ட் ஷெட்யூல் (கோர்ட்ல பணம் கட்டுறதுக்கான படிவம்) போட்டு, சலான் வாங்கி, பணத்தைக் கட்டணும். கட்டினதும் வேலை முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போயிடுவாங்க பாருங்க, அங்கதான் ஆபத்து. ரசீதோட ஒரு மெமோ (சின்னக் குறிப்பு) ஃபைல் பண்ணி, கேஸ் கட்டுல அது சேர்ந்து, உத்தரவுப்படி செக்யூரிட்டி கட்டியாச்சுன்னு டாக்கெட்ல (கேஸ் கட்டுல இருக்கிற நடவடிக்கைக் குறிப்புல) ஏறணும். ஜட்ஜ் பார்க்கிறது டாக்கெட்டைத்தான், உங்க சட்டைப் பையில இருக்கிற சலானை இல்ல. வாய்தா அன்னிக்கு பென்ச் கிளார்க்கிட்ட கேட்டு அந்தப் பதிவை உங்க கண்ணால பார்த்துட்டு கிளம்புங்க.

ஆர்டர் அனுமதிச்சா பேங்க் கேரன்டி, எஃப்டி ரசீது கொடுக்கலாம். எஃப்டின்னா அப்பீல் முடியறவரைக்கும் தானா புதுப்பிக்கிற மாதிரி போடுங்க, நடுவுல முதிர்ச்சியாகி கணக்குல போய் விழுந்தா திரும்ப ஒரு பெட்டிஷன் வரும்.

ஆள் ஜாமீன், சொத்து ஜாமீன்னா நேரம் அதிகம் பிடிக்கும். ஜாமீன் கொடுக்கிறவரோட அஃபிடவிட், அவர் சொத்து பத்திரம், வில்லங்கம், தாசில்தார் கொடுக்கிற சால்வென்சி சர்டிபிகேட் (இவ்வளவு சொத்து மதிப்பு இருக்குங்கிற சான்று), எல்லாம் வேணும். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஃபைல் நகர்றதுக்குள்ள கோர்ட் கொடுத்த நாள் தீர்ந்துடும். இந்த வழிதான்னு தெரிஞ்சா ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே சால்வென்சிக்கு விண்ணப்பிச்சு வையுங்க. இங்கயும் அதே கதைதான், வழக்குல இருக்கிற நிலத்தையே ஜாமீனா நீட்டாதீங்க. ஜாமீன் நிக்கிற மாமாகிட்டயோ சித்தப்பாகிட்டயோ ஒண்ணை மறைக்காம சொல்லிடுங்க: அப்பீல் தோத்து செலவு கட்டலன்னா சிவில் நடைமுறைச் சட்டம் செக்ஷன் 145 படி தனி வழக்கு இல்லாம நேரா அவர் மேலயே நிறைவேற்றம் வரலாம், அவர் ஏத்துக்கிட்ட தொகை வரைக்கும்.

9. நாள் போதலன்னா

தேதி முடியறதுக்கு முன்னாடியே நீட்டிப்பு கேட்டு பெட்டிஷன் போடுங்க. செக்ஷன் 148ல மொத்தம் 30 நாள்னு வரம்பு இருக்கு, ஆனா கட்சிக்காரர் கையை மீறின காரணம்னா அதுக்கு மேலயும் கொடுக்கலாம்னு சேலம் வக்கீல் சங்கம் போட்ட வழக்குல 2005ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. தேதி தாண்டின பிறகும் கூட நீட்டிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் போயிடலன்னு 1961ல மகந்த் ராம் தாஸ் வழக்குல சொன்னதும் உதவும், அது கோர்ட் ஃபீஸ் பாக்கியைப் பத்தின வழக்குன்னாலும். இதையெல்லாம் நம்பி சும்மா இருக்காதீங்க, காரணத்துக்கு காகிதம் வேணும்: தாசில்தார் ஆபீஸ் விண்ணப்ப ரசீது, பேங்க் கடிதம், ஆஸ்பத்திரி சீட்டு.

கடைசி நாள் கோர்ட் லீவுல விழுந்தா திறக்கிற நாள்ல செய்யலாம். மே மாச விடுமுறையை ஒட்டி ஆர்டர் ஆனா காலண்டரைப் பார்த்து குறிச்சு வையுங்க.

அப்பீல் நிராகரிக்கப்பட்டா? வழக்குல செக்யூரிட்டி கட்டாம தள்ளுபடி ஆனா அதை ரத்து பண்ணக் கேட்க ஆர்டர் 25லயே வழி எழுதி வச்சிருக்கு. ஆர்டர் 41 ரூல் 10ல அப்படி ஒரு வழி எழுதல. அதனால செக்ஷன் 151 (கோர்ட்டோட உள்ளார்ந்த அதிகாரம்), ரிவ்யூ (மறுஆய்வு)ன்னு சுத்த வேண்டி வரும், கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல.

10. ஆர்டரே சரியில்லன்னு தோணினா

செக்யூரிட்டி கட்டச் சொன்ன உத்தரவு, அப்பீல் போகக்கூடிய உத்தரவுகளைச் சொல்ற ஆர்டர் 43 பட்டியல்ல இல்ல, அதனால தனி அப்பீல் கிடையாது. அரசியலமைப்பு 227ல சென்னை ஹைகோர்ட்டுக்கோ மதுரை கிளைக்கோ சிவில் ரிவிஷன் (சீராய்வு மனு) போகலாம். போறீங்கன்னா கூடவே ஸ்டே கேளுங்க. ரிவிஷன் நம்பர் ஆகிடுச்சு, இனி கட்ட வேண்டாம்னு நினைச்சு கீழ தேதியை விட்டுடுவாங்க. ஸ்டே இல்லாத ரிவிஷன் கீழ ஓடுற நாளை நிறுத்தாது. தொகை சின்னதுன்னா, என் அபிப்பிராயம், எதிர்ப்பு இருக்குன்னு பதிவு பண்ணிட்டு கட்டிடுங்க, ரிவிஷனுக்கு ஆகிற செலவு அதைத் தாண்டிடும்.

11. அப்பீல் முடிஞ்ச பிறகு

அப்பீல் தள்ளுபடியாகி செலவும் போட்டாங்கன்னா, ரெஸ்பாண்டன்ட் அப்பீல் டிகிரி காப்பியோட, டெபாசிட்ல இருந்து தன் செலவை எடுத்துத் தரச் சொல்லி பெட்டிஷன் போடணும், தானா வீட்டுக்கு வராது. டிகிரில ஏறின செலவு வரைக்கும்தான் எடுக்கலாம், மிச்சம் இருந்தா அப்பீலன்ட்டுக்கே திரும்பும்.

அப்பீலன்ட் ஜெயிச்சா டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டு அவரும் பெட்டிஷன் போடணும். ஹைகோர்ட்டுக்கு செகண்ட் அப்பீல் போக 90 நாள் இருக்கு, அதுக்குள்ள கேட்டா எதிர்ப்பக்கம் ஆட்சேபிக்கும், தயாரா இருங்க. சலான் ஒரிஜினல், மெமோ காப்பி, பேங்க் கணக்கு விவரம் மூணையும் பணம் கட்டின அன்னிக்கே ஒரே ஃபைல்ல போட்டு வையுங்க. வெளிநாட்டுல இருக்கிறவர்னா பணம் எடுக்கிற அதிகாரம் பவர் பத்திரத்துல தனியா எழுதியிருக்கான்னும் பாருங்க, வழக்கு நடத்த மட்டும் கொடுத்த பவரை வச்சு செக் கேட்டா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க.